ஜூனுக்குள் எத்தனை தாள்?

கேள்வி: "இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறேன். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். அப்பா இன்னும் சின்ன வெங்காயம் போடுகிறார். இங்கே மூன்று வருடம் காத்திருந்து ஓர் அலாட்மென்ட் தோட்டம், அதாவது காய்கறி போட வாடகைக்குத் தருகிற சிறு நிலம், கிடைத்தது. ஹாரோகேட் இலையுதிர் கால மலர்க் காட்சியில் மனிதத் தலை அளவு வெங்காயங்களைப் பார்த்த ஆசையில், கெல்சே ரக விதை வாங்கி மார்ச் கடைசியில் விதைத்தேன். ஜூலையில் காய் பெருக்கட்டும் என்று வாரம் இரண்டு முறை உரத் தண்ணீர் விட்டேன். கிடைத்ததிலேயே பெரியது 600 கிராம்தான். நான்கு காய் வெடித்துவிட்டது. கழுத்து தடித்த காய்கள் அக்டோபருக்குள் அழுகின. சாம்பாரில் போட்டால் சப்பென்று இருக்கிறது என்கிறார் மனைவி. எங்கே தவறினேன்? காட்சிக்கும் சமையலுக்கும் ஒரே வெங்காயம் ஆகுமா? அப்பாவுக்குக் கொஞ்சம் விதை அனுப்பலாமா?"

பதில்:

அன்புள்ள தம்பி,

மார்ச் கடைசியில் விதைத்து, திறந்த வெளியில் நட்டு, லீட்ஸ் குளிரில் 600 கிராம் எடுத்திருக்கிறீர்கள். அது நல்ல விளைச்சல். உங்கள் கையில் குறை இல்லை, நாள் கணக்கில்தான் குறை. நீங்கள் ஜூலையில் செய்ய நினைத்த வேலையை வெங்காயம் ஜூனிலேயே முடித்துவிட்டது.

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி வளையங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு வளையமும் ஒரு தாளின் அடிப்பாகம். மேலே பச்சையாக நிற்கிற தாள்தான் கீழே அடுக்காகப் பருத்து உட்கார்ந்திருக்கிறது. எட்டுத் தாள் விட்ட செடியில் ஏறக்குறைய எட்டு அடுக்கு, பதினைந்து தாள் விட்ட செடியில் பதினைந்து அடுக்கு. காய் திரளத் தொடங்கிவிட்டால் செடி புதுத் தாள் விடுவதை நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் ஊற்றுகிற தண்ணீரும் உரமும் ஏற்கெனவே இருக்கும் அடுக்குகளைத்தான் பருக்க வைக்குமே தவிர, புதிய அடுக்கைச் சேர்க்காது.

எப்போது திரள வேண்டும் என்று செடிக்குச் சொல்வது பகல் நேரத்தின் நீளம். கூடவே வெப்பமும். கெல்சே, எய்ல்சா கிரெய்க் மாதிரியான வடதேச ரகங்கள் பகல் 14 முதல் 16 மணி நேரம் வரை நீண்டால்தான் திரளும். லீட்ஸில் ஏப்ரல் 20 வாக்கில் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. மே நடுவில் ஏறக்குறைய 16, ஜூன் 21 அன்று 17. மார்ச் கடைசியில் விதைத்த நாற்று மே நடுவில் என்ன அளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பென்சில் தடிமன்கூட வந்திருக்காது. அந்த நிலையில் பகல் நீண்டுவிட்டதால், இருக்கிற ஏழெட்டுத் தாளை வைத்துக்கொண்டு அது திரண்டுவிட்டது. அந்தத் தாள்களுக்கு 600 கிராம் நியாயமான கணக்குதான்.

இதே கணக்குதான் அப்பாவுக்கு விதை அனுப்பும் யோசனைக்கும் பதில். அனுப்ப வேண்டாம். பெரம்பலூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. அங்கே கெல்சே விதை முளைக்கும், தாள் விடும், செழிப்பாகவும் நிற்கும், காய் மட்டும் கட்டாது. கடைசியில் தடித்த வெங்காயத் தாளைப் பொரியலுக்கு நறுக்க வேண்டியதுதான். அதோடு, இந்தியாவுக்குள் விதை கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். தபாலில் ஒரு கவரில் போட்டு அனுப்புகிற விஷயம் இல்லை. அங்கே பரம்பரையாக வெங்காயம் விளைகிற மண்ணில் வெளிநாட்டு நோய் ஒன்று புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேட்டாலே சொல்லுவார். இதன் மறுபக்கமும் உண்டு. தமிழ்க் கடையில் வாங்கிய நம் ஊர்ச் சின்ன வெங்காயத்தை லீட்ஸில் நட்டால், அதற்குத் தேவையான பகல் வசந்தத்திலேயே கிடைத்துவிடும். செடி வளருவதற்குள் திரண்டு கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். இந்தத் தப்பை இங்கே நம்மவர்கள் பலர் செய்து, மண்ணைக் குறை சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

சரி, காட்சியில் பார்த்தீர்களே, அந்த ராட்சத வெங்காயங்கள் எப்படி வருகின்றன? 2023-இல் ஹாரோகேட் காட்சியில் குர்ன்சி தீவைச் சேர்ந்த கேரத் கிரிஃபின் கொண்டுவந்த வெங்காயம் 8.97 கிலோ. 1994-இல் சாதனையாக இருந்த ஸ்காட்லாந்து வெங்காயம் 7.03 கிலோ. ஏறத்தாழ முப்பது வருட உழைப்பில் கூடியது 2 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்காக அவர்கள் இலையுதிர் காலத்திலேயே விதைக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க விளக்கும் சூடும் கொடுக்கிறார்கள், சூடேற்றிய மண்ணில் நடுகிறார்கள். விதையும் பெரும்பாலும் கடை விதை கிடையாது. சிறந்த காயை மறுபடி நட்டுப் பூக்கவிட்டு, வேறு மகரந்தம் சேராமல் மூடி வைத்து, தானே எடுத்த விதையாக இருக்கும். வருடா வருடம் அப்படிப் பொறுக்கிச் சேர்த்த வம்சம் அது. அந்தப் பொறுமை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மின்கட்டணம் கட்டிக் குடும்பம் நடத்துகிற ஒருவருக்கு, முதல் இலக்காக அதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் இலக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவாக இருக்கட்டும். அதற்கு வீட்டு ஜன்னலோரமும் ஓர் எல்இடி விளக்கும் அலாட்மென்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குடிலும் போதும்.

இங்கே காட்சிக்கு வளர்க்கிற பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, வெங்காய விதை போடுவார்கள். நீங்களும் அந்த நாளையே பிடித்துக்கொள்ளுங்கள். விதை அந்த ஆண்டு வாங்கியதாக இருக்கட்டும். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே முளைப்புத் திறன் இழந்துவிடும். முளைக்க 18 முதல் 20 டிகிரி வெப்பம் போதும். முளை வளைந்து கொக்கி மாதிரி நிற்கும்போதே, நிமிருவதற்கு முன், எடுத்துத் தனித்தனிச் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தப் பருவத்தில் வேர் ஒரே நூலாக இருக்கும், அறுபடாது. அப்புறம் வெப்பத்தை 13 முதல் 15 டிகிரிக்குக் குறையுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியட்டும், நான் அதற்கு மேல் போவதில்லை. இரவும் பகலும் எரியவிட்டால் வேகமாக வளரும் என்று ஆசை வரும். அது நீண்ட பகல் என்று செடி ஏமாந்து, தொட்டியிலேயே திரளத் தொடங்கும் ஆபத்து உண்டு. பழைய மஞ்சள் குண்டு பல்புகளின் ஒளி அந்தத் திரட்சியை இன்னும் தூண்டும் என்பதால் அவற்றைத் தவிருங்கள்.

வேர் தொட்டியை நிரப்பியதும் அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றுங்கள். வேர் சுருண்டு நெருக்கிய செடி பிறகு எவ்வளவு இடம் கொடுத்தாலும் பழைய வேகத்துக்கு வராது.

முன்கூட்டி விதைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. செடி பென்சில் தடிமனுக்கு வந்த பிறகு சில வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழே குளிரில் நின்றால், குளிர்காலம் ஒன்று கழிந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். வெங்காயம் இரண்டு வருடப் பயிர் அல்லவா, இரண்டாம் வருடம் வந்துவிட்டது என்று பூத்தண்டு விடும். பூத்தண்டு விட்ட காய் காட்சிக்கும் ஆகாது, சேமிக்கவும் ஆகாது. அதனால் மார்ச்சில் ஒரு வெயில் நாளைப் பார்த்துவிட்டு அவசரமாக வெளியே கொண்டுபோகாதீர்கள். ஏப்ரல் நடுவில், ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகு, குடிலுக்குள் நடுங்கள். இரவில் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்துங்கள். செடிக்குச் செடி 35 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். பார்க்க வீணாகத்தான் தெரியும், ஜூனில் அந்த இடமும் போதாது. தாள்கள் கனத்து மடியத் தொடங்கும்போது குச்சி நட்டுத் தாங்கல் கொடுங்கள். ஒடிந்த தாளில் தண்ணீர் தங்கினால் அழுகல் கழுத்துக்குள் இறங்கும்.

உர விஷயத்தில் உங்கள் வரிசை தலைகீழாக இருந்திருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) ஏப்ரல், மே மாதங்களுக்கு உரியது. அப்போதுதான் தாள் வளர வேண்டும். ஜூன் முதல் வாரத்தோடு தழைச்சத்தை நிறுத்திவிட்டு, தக்காளிச் செடிக்கு விற்கிறார்களே, அந்தச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்துக்கு மாறுங்கள். அதையும் ஜூலை நடுவோடு விட்டுவிடலாம். ஜூலையில் தழைச்சத்து கிடைத்தால் கழுத்து மூடாமல் தடித்தே நிற்கும். மூடாத கழுத்து வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகிறது. அக்டோபரில் உங்கள் காய்களுக்கு நடந்தது அதுதான்.

காய் வெடித்ததற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் நிறைய ஊற்றினால், வெளித்தோல் இறுகிய நேரத்தில் உள் அடுக்கு திடீரென்று பருத்துப் பிளந்துவிடும். அளவாக, தொடர்ந்து கொடுங்கள். வாரக் கடைசியில் மட்டும் தோட்டத்துக்குப் போகிறவராக இருந்தால் ஒரு சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடுவது எல்லா உரத்தையும் விட நல்ல செலவு. மேல்தோல் ஓரிடத்தில் லேசாகக் கிழிந்தால் அந்த அடுக்கை அடிவரை முழுதாக, நிதானமாக உரித்துவிடுங்கள். பாதி கிழிந்த தோல் காயை ஒரு பக்கம் இறுக்கி உருவத்தைக் கெடுக்கும்.

நோய்களில் ஒன்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வெள்ளை அழுகல். அடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, அதில் கசகசா போலக் கறுப்பு மணிகள் தெரியும். அந்த மணிகள் 15, 20 வருடம்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். வீட்டுத் தோட்டக்காரர் வாங்கி அடிக்கக்கூடிய மருந்து கிடையாது. பல வருடங்களுக்கு முன்பு பக்கத்துத் தோட்டத்து நண்பர் அன்பாகக் கொடுத்த பத்து நாற்றை வாங்கி நட்டேன். அதோடு அது வந்துவிட்டது. அந்தப் பாத்தியில் இன்றுவரை நான் வெங்காயமோ பூண்டோ வைப்பதில்லை. யார் கொடுத்தாலும் வேரோடு மண்ணோடு வெங்காய நாற்று வாங்காதீர்கள், விதையிலிருந்தே தொடங்குங்கள். மற்றவர் பாத்தியில் நடந்த பூட்ஸைக் கழுவாமல் உங்கள் பாத்தியில் இறங்காதீர்கள்.

இனிக் காட்சி. காட்சிகளில் இரண்டு வகைப் போட்டி உண்டு, இரண்டுக்கும் தயாரிப்பு வேறு. எடைப் போட்டிக்கு, காட்சிக்கு ஒன்றிரண்டு நாள் முன்புவரை காயை மண்ணிலேயே விட்டு வைப்பார்கள். கடைசிச் சொட்டுத் தண்ணீரும் எடைதானே. இன்னொன்று அழகுக்கான போட்டி. நீங்கள் இதில்தான் தொடங்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் ஒரு பிரிவு, அதற்கு உட்பட்டது ஒரு பிரிவு என்று இருக்கும். மூன்றோ ஐந்தோ காய் வைக்கச் சொல்வார்கள். நடுவர் பார்ப்பது ஒற்றுமையை: ஒரே அளவு, ஒரே உருவம், ஒரே நிறம், மெல்லிய கழுத்து, அழுத்தினால் கெட்டி. ஒரு கிலோக் காய் ஒன்றும் 700 கிராம் இரண்டும் வைத்தவர், ஒன்றுபோல மூன்று 600 கிராம் வைத்தவரிடம் தோற்பார். போன வருடம் உங்களிடம் அப்படி மூன்று காய் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் காட்சி என்றால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் காய்களை எடுத்துவிடுங்கள். தினமும் கையால் தொட்டுப் பார்க்காமல், தையல் டேப்பால் சுற்றளவு அளந்து எழுதி வைத்தால், மூன்றும் ஒரே அளவுக்கு வரும்போது ஒன்றாக எடுக்கலாம். வேரைத் தட்டையாக நறுக்கி, தாளைக் கழுத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையாகக் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தோல் முழுக்கப் பூசி, மரத்தூள் பரப்பிய பெட்டியில், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தோல் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே வைக்கோல் நிறத்துக்கு வரும். இரண்டு மூன்று வாரம் ஆகும். காட்சிக்கு முந்தின நாள் கழுத்தை மடித்து ராஃபியா நாரால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். பளபளப்புக்காகத் தோலை உரித்துக்கொண்டே போகாதீர்கள். பச்சை அடுக்கு தெரிந்தால் மதிப்பெண் போகும்.

காட்சியின் அட்டவணையை வரிக்கு வரி படியுங்கள். மூன்று என்று போட்டிருந்தால் மூன்றுதான். நான்கு வைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், 'அட்டவணைப்படி இல்லை' என்று சீட்டில் எழுதி ஒதுக்கிவிடுவார்கள். முதல் வருடம் உங்கள் அலாட்மென்ட் சங்கத்தின் சின்னக் காட்சியிலேயே வையுங்கள். தீர்ப்பு முடிந்ததும் நடுவரிடம் போய், இதில் என்ன குறை என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களும் தோட்டக்காரர்கள்தான், சந்தோஷமாக விளக்குவார்கள். இந்த நாட்டுக் காட்சி மரபே உழைக்கிறவர்களின் தோட்டங்களில் வேர் விட்டது. நார்தம்பர்லாந்து, டரம் பக்கச் சுரங்கத் தொழிலாளர் ஊர்களில் கிளப்புகளிலும் பப்களிலும் லீக் என்கிற தடித்த தண்டு வெங்காயக் கீரையும் வெங்காயமும் வைத்துப் போட்டி நடத்தி வளர்த்தார்கள். எய்ல்சா கிரெய்க் ரகத்தை உருவாக்கிய டேவிட் மர்ரேயும் ஸ்காட்லாந்தின் கல்லீன் கோட்டையில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். 1887-இல் வெளிவந்த அந்த ரகம், கடலில் தெரியும் ஒரு பாறைத் தீவின் பெயரோடு இன்றும் விதைக் கடையில் இருக்கிறது.

சமையலுக்கு வருவோம். உங்கள் மனைவி சொன்னது சரி. வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருவது. கத்தி பட்டு உள்ளே இருக்கும் நொதி அவற்றோடு கலக்கும்போதுதான் கண் எரிகிறது, மணம் எழுகிறது. பெரிதாக வளர்க்கிற ரகங்களில் தண்ணீர் மிக அதிகம், கந்தகம் குறைவு. சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் அது பொருந்தாது. பிரியாணிக்குப் பொன்னிறமாக வறுக்க நினைத்தால் நீர் வற்றவே நெடுநேரமாகும், மொறுமொறுப்பும் வராது. ஆனால் அதற்கென்று உள்ள சமையல்களில் அதற்கு ஈடு கிடையாது. தயிர்ப் பச்சடிக்குப் பச்சையாக நறுக்கிப் போடுங்கள், கண் எரியாது, லேசான இனிப்பு இருக்கும். பஜ்ஜிக்கு வட்டமாக நறுக்கினால் ஒரு துண்டு ஓர் ஆளுக்குப் போதும். ஊத்தப்பத்துக்கும் நல்லது. முழுக் காயைப் பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைத்தால் அடுக்குகள் கிண்ணம் கிண்ணமாகக் கழன்று வரும். அதில் கொத்துக்கறி மசாலாவோ உருளைக்கிழங்கு மசாலாவோ வைத்துச் சுருட்டி ஓவன் அடுப்பில் வைத்து எடுங்கள். எங்கள் வீட்டில் அக்டோபர் மாதம் முழுக்க இதுதான்.

இந்தக் காய்கள் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். வெடித்ததையும் பூத்தண்டு விட்டதையும் அந்த வாரமே சமைத்துவிடுங்கள். நல்லவை கிறிஸ்துமஸ்வரை வந்தால் சந்தோஷம். வளரும்போது ஏதாவது மருந்து அடித்திருந்தால் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று புட்டியில் இருக்கும், அதைப் பார்க்காமல் சமையலறைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆகவே ஒரே வெங்காயத்தை இரண்டு வேலைக்கும் இழுக்காதீர்கள். பாத்தியைப் பிரித்துக்கொள்ளுங்கள். கெல்சே பன்னிரண்டு செடி போதும். வருடம் முழுக்கச் சமையலுக்கு ஸ்டுரான் ரகத்தின் சிறு நடவுக் காய்களை மார்ச்சில் நடுங்கள். கெட்டியாக வரும், வசந்தம்வரை நிற்கும், நன்றாக வந்த காய்களை 250 கிராமுக்கு உட்பட்ட பிரிவில் வைக்கலாம். சாம்பாருக்கு இங்கே விற்கிற ஷாலட் ரகங்களில் ரெட் சன் நடுங்கள். நம் சின்ன வெங்காயத்துக்கு நெருங்கிய சொந்தம், இந்த நாட்டு நீண்ட பகலுக்குப் பழகியது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒரு பல்லாக நட்டால் ஜூலையில் கொத்தாகக் கிடைக்கும்.

மே 31 அன்று ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கெல்சே செடியிலும் தாள் எண்ணுங்கள். காய்ந்து விழுந்த முதல் இரண்டு மூன்று தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் தண்ணீரை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு ஆகஸ்டுவரை அதை அதன் போக்கில் விடுங்கள். எட்டோ ஒன்பதோதான் என்றால் அந்த வருடம் எடையை மறந்துவிட்டு, ஒன்றுபோல இருக்கும் மூன்று செடியைத் தேர்ந்து அவற்றின் தோலையும் கழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் வந்தாலும் எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். குடிலில் இரவு எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்பதையும் குறித்து அனுப்பினால், அடுத்த வருடத்துக்கு இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.